குளிர்காலத்தில் கொட்டகைக்குக் காவல்: பூட்டா, விளக்கா, கேமராவா, அக்கம்பக்கமா?

அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்த பிறகு, இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்துக்குப் போகும் கால்கள் நின்றுவிடுகின்றன. வடமேற்கு லண்டனில் நாங்கள் இருக்கும் தெருவில் வீடுகளின் பின்புறம் ஒரு குறுகிய சந்து ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்தின் கோடியிலும் அந்தச் சந்தை ஒட்டி ஒரு மரக் கொட்டகை நிற்கிறது. கடந்த நவம்பரில் ஒரே வாரத்தில் மூன்று கொட்டகைகள் திறக்கப்பட்டன. அவற்றில் இரண்டாவது எங்களுடையது. மகளின் சைக்கிளும் என் டிரில்லும் போயின. ஆனால் நான் நல்ல விலை கொடுத்து வாங்கிய பூட்டு உடையவில்லை. பூட்டியது பூட்டியபடியே, நாதாங்கியோடு சேர்ந்து கதவின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஈரப் படிக்கல்லில் நான்கு திருகாணிகள், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தவை போல ஓரிடத்தில் கிடந்தன.

அந்த நான்கு திருகாணிகளைப் பார்த்த பிறகுதான், கொட்டகையைக் காப்பதற்கு இங்கே விற்கப்படும், பரிந்துரைக்கப்படும் வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். கடைகளில் எல்லாமே கோடை வெயிலில் எடுத்த படங்களோடு இருக்கின்றன. எனக்குத் தேவைப்பட்ட அளவுகோல் வேறு. டிசம்பர் நடுவில் லண்டனில் மாலை 3:50 மணி அளவில் சூரியன் மறைகிறது. மறுநாள் காலை 8 மணிக்கு மேல்தான் எழுகிறது. பதினாறு மணி நேர இரவு, அதற்குள் தூறல், மூடுபனி, உறைபனி. எல்லா வீடுகளிலும் திரைச்சீலைகள் மூடியிருக்கும். தோட்டத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். எங்கள் தெருவில் மூன்றாவதாகத் திருட்டுக் கொடுத்த வீட்டுக்காரர், பனித்தடுப்பு உப்பு எடுக்கப் போன அன்றுதான் கொட்டகை திறந்துகிடப்பதை அறிந்தார். அதற்குள் இரண்டு வாரங்கள் கடந்திருந்தன. ஆகவே, இந்த இருட்டிலும் ஈரத்திலும் எது வேலை செய்கிறது என்பதே இங்கே கேள்வி.

பூட்டும் நாதாங்கியும்

கடையில் நம் கண் முதலில் போவது பூட்டின் பருமனுக்குத்தான். பிரிட்டனில் 1992 முதல் இயங்கிவரும் சோல்டு செக்யூர் என்ற சோதனை அமைப்பு பூட்டுகளுக்கும் சங்கிலிகளுக்கும் வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரித்துச் சான்று தருகிறது. தொங்கு பூட்டுகளுக்கு ஐரோப்பியத் தரநிலை 1 முதல் 6 வரை வகுப்புகள் வைத்திருக்கிறது. வளைவுக் கம்பி வெளியே தெரியும் பூட்டைவிட, கம்பியின் இருபுறமும் தோள் உயர்த்தி மூடிய பூட்டு வெட்டுக் கத்தரிக்கு எளிதில் வாய் கொடுக்காது. இவை எல்லாம் உண்மையே. ஆனால் அந்தப் பூட்டு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதில்தான் நான் ஏமாந்தேன்.

சாதாரணத் தோட்டக் கொட்டகையின் சுவர், நாக்கும் பள்ளமுமாகக் கோத்த ஊசியிலை மரப் பலகை. பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் கனம்தான். மலிவான, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பலகைக் கொட்டகைகளில் அதைவிடவும் குறைவு. அதில் அரை அங்குலத் திருகாணியால் நாதாங்கியைப் பொருத்திவிட்டு, அதன்மேல் தங்கத்தர பூட்டைத் தொங்கவிடுவதில் பொருள் இல்லை. மூன்றாம் வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணா மரவேலையில் கை தேர்ந்தவர். வந்து பார்த்த உடனே, "தம்பி, பூட்டைப் பார்த்தது காணும், திருகாணியைப் பாரும்" என்றார். மறுநாள் சனிக்கிழமை, நண்பகல் வெளிச்சம் இருந்த மூன்று மணி நேரத்துக்குள் நாதாங்கியை மாற்றினோம். வெளியே வழவழப்பான குமிழ்த் தலை, அதற்குக் கீழே சதுரக் கழுத்து, உள்ளே அகலமான வாஷரும் நட்டும் என்ற அமைப்புள்ள கோச் போல்ட்டுகளைக் கதவுச் சட்டத்தின் ஊடாகச் செலுத்தி உள்ளிருந்து முடுக்கினோம். குமிழ்த் தலையில் திருப்புளி பிடிக்க வெட்டு எதுவும் கிடையாது. சதுரக் கழுத்து மரத்தில் அமிழ்ந்துவிடுவதால் வெளியிலிருந்து சுழற்றவும் முடியாது. கதவின் உட்புறத்தில் ஓர் இரும்புத் தகடு வைத்து, அதன்மேல் நட்டுகளை முடுக்கியதால் நெம்பினாலும் மரம் பிளந்துகொண்டு வராது. இதற்கு ஆன செலவு பூட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

கீல்களையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பல கொட்டகைகளில் நீளக் கீல்கள் வெளியே முழுதாகத் தெரிகின்றன. பூட்டை விட்டுவிட்டுக் கீலைக் கழற்றினால் கதவு மறுபக்கமாகத் திறந்துவிடும். ஒரு கீலுக்கு ஒரு போல்ட் வீதம் மாற்றினாலே போதுமானது.

குளிர்காலத்துக்கே உரிய ஒரு தொல்லையும் இதில் உண்டு. நவம்பர் மழையில் மரம் ஈரம் குடித்து ஊதுகிறது. கோடையில் நேராகப் பொருந்திய நாதாங்கியும் வளையமும் டிசம்பரில் ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் விலகிவிடுகின்றன. கதவை முட்டித் தள்ளிப் பூட்ட வேண்டியிருக்கும்போது, மனிதர்கள் பூட்டாமல் விட்டுவிடுகிறார்கள். நானே பல நாள் அப்படி விட்டிருக்கிறேன். ஆகவே நாதாங்கியை ஈரக் காலத்தில் பொருத்துவதே நல்லது. இல்லையென்றால் வாய் சற்று அகலமான நாதாங்கியாக வாங்க வேண்டும். பூட்டின் சாவித்துளைக்குள் புகும் நீர் இரவில் உறைந்துவிடுவதால், துளைக்கு மூடி உள்ள பூட்டே இந்த ஊருக்கு ஏற்றது. உள்ளே கிராஃபைட் என்ற பென்சில் கரித் தூளோ சிலிக்கோன் தெளிப்போ போட்டால் பனிக் காலையிலும் சாவி திரும்பும்.

எனவே முதல் ஒப்பீட்டில் என் தீர்ப்பு தெளிவானது. நடுத்தரப் பூட்டும் போல்ட் போட்ட நாதாங்கியும், உயர்தரப் பூட்டும் திருகாணி நாதாங்கியும் என்று இரண்டு தேர்வுகள் இருந்தால், முன்னதையே எடுக்க வேண்டும்.

வெளிச்சம்

அடுத்து எல்லோரும் வாங்குவது சூரிய ஒளியில் மின்னேற்றம் பெறும் அசைவு உணரி விளக்கு. கம்பி இழுக்க வேண்டாம், ஆள் கூப்பிட வேண்டாம், இருபது பவுண்டுக்குள் முடிந்துவிடும். ஜூன் மாதத்தில் இது மிக நன்றாக எரிகிறது. ஆனால் டிசம்பர் 21 அன்று லண்டனில் நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. அந்த உயரத்தில் வரும் ஒளியைப் பக்கத்து வேலியும் எதிர்வீட்டுக் கூரையுமே மறைத்துவிடும். மேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், டிசம்பரில் ஒரு நாளில் தரையில் விழும் ஒளியாற்றல் ஜூன் மாதத்தோடு ஒப்பிடும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. தேவையோ நேர்மாறாக இரட்டிப்பாகிறது. எங்கள் விளக்கு டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து மாலை ஆறு மணிவரை எரியும். அதன் பிறகு கையை எவ்வளவு வீசினாலும் ஒரு மங்கல் சிமிட்டலோடு நின்றுவிடும்.

சூரிய ஒளித் தகடு தனியாகவும் விளக்கு தனியாகவும் இருக்கும் வகையை வாங்கினால் நிலைமை சற்று மேம்படும். தகட்டைக் கொட்டகைக் கூரையில் தெற்கு நோக்கி, கிட்டத்தட்டச் செங்குத்தாக நிறுத்தி, வாரம் ஒருமுறை பாசியையும் பனியையும் துடைத்தால் அது குளிர்காலத்தை ஓரளவு தாங்குகிறது.

வீட்டு மின்சாரத்தில் எரியும் எல்இடி விளக்கு இதற்கு மாற்று. ஐபி44 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்த்தடுப்புத் தரமும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பாதுகாப்பும் கட்டாயம் வேண்டும். புதிய மின்சுற்று இழுப்பது இங்கிலாந்தில் கட்டட விதிகளின்படி அறிவிக்க வேண்டிய வேலை என்பதால் தகுதி பெற்ற மின்பணியாளரைத்தான் அழைக்க வேண்டும். செலவு பல மடங்கு கூடும். ஆனால் ஜனவரி இரவு மூன்று மணிக்கும் எரியும் விளக்கு அதுதான். கொட்டகை வரை கம்பி இழுக்க வசதியில்லாதவர்கள், வீட்டின் பின்சுவரிலேயே விளக்கைப் பொருத்தித் தோட்டத்தின் நீளத்துக்கு ஒளி விழச் செய்யலாம். நாங்கள் செய்தது அதுவே. ஒளி கீழ்நோக்கி விழ வேண்டும் என்பதில் கவனம் தேவை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் படுக்கையறைச் சன்னலில் முதல் மூன்று இரவுகள் எங்கள் விளக்கு அடித்தது. அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்கள்தான் மாடியிலிருந்து பார்த்துத் திருத்தினோம்.

அலாரமும் கேமராவும்

பேட்டரி அலாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பத்து இருபது பவுண்டுக்குக் கிடைக்கிறது, காதைத் துளைக்கும் ஒலி எழுப்புகிறது, கொட்டகைக்குள் நுழைந்தவர் நிம்மதியாக நின்று பொருள் தேட விடாது. குளிரில் சாதாரண பேட்டரிகளின் திறன் குறைவதால் அக்டோபரிலேயே புதிய பேட்டரி போட்டுவிட வேண்டும். உணரியின் முன்னால் சிலந்தி கூடு கட்டாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். கொட்டகைக்கு வெளியே பொருத்துவது பயனற்றது. அசைவு உணரி உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் உணர்கிறது. குளிர் இரவில் அந்த வேறுபாடு கூடிவிடுவதால் வேலியோரம் போகும் நரி கூட அதைக் கிளப்பிவிடும். ஜனவரியோ லண்டன் நரிகள் இணை தேடும் காலம். இரவெல்லாம் தோட்டங்களில் அலறிக்கொண்டு திரியும். நான்கு முறை வீணாக ஒலித்த அலாரத்தை ஐந்தாம் முறை யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

கேமராவை இப்போது எல்லோரும் முதல் மருந்தாகச் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் அது எதைப் பதிவு செய்கிறது என்று நான் பக்கத்துத் தெரு நண்பரின் பதிவுகளில் பார்த்தேன். இரவில் கேமரா தானே உமிழும் அகச்சிவப்பு ஒளி, லென்சுக்கு அருகிலுள்ள மழைத்துளியிலும் மூடுபனியிலும் பட்டுத் திரும்பி, படத்தை வெண்புகையாக்கிவிடுகிறது. அதில் தலைமூடி அணிந்த ஓர் உருவம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. திருட்டு நடந்த நேரம் தெரியும் என்பதே அதில் கிடைத்த பயன். காவல்துறைக்கு அதுவும் உதவும், மறுக்கவில்லை.

ஆனால் கேமராவுக்கு மற்ற வழிகளுக்கு இல்லாத ஒரு விலை உண்டு. கேமராவின் பார்வை நம் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்திலோ பொதுச் சந்திலோ விழுந்தால், 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தத் தொடங்குகிறது. 2021 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், ஒருவர் தன் கார் திருட்டு முயற்சிக்கு உள்ளான பிறகு வீட்டைச் சுற்றிப் பொருத்திய கேமராக்களே வழக்குக்குக் காரணமாயின. அவற்றுள் ஒன்று அவருடைய கொட்டகையில் இருந்தது. அவை தொலைவில் நடக்கும் உரையாடலின் ஒலியையும் பிடித்தது மிகையானது என்று நீதிபதி கருதினார். துன்புறுத்தல், தரவுப் பாதுகாப்பு மீறல் ஆகிய இரண்டிலும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பக்கமே தீர்ப்பு அமைந்தது. கேமரா கூடாது என்பது இதற்குப் பொருள் அன்று. அதை நம் எல்லைக்குள் திருப்பி, ஒலிப்பதிவை அணைத்து, பொருத்துவதற்கு முன்பே பக்கத்து வீட்டாரை அழைத்து அது எதைப் பார்க்கிறது என்று திரையில் காட்டிவிட வேண்டும்.

அக்கம்பக்கம்

பிரிட்டனில் அக்கம்பக்கக் காவல் இயக்கம் 1982இல் செஷயர் மாவட்டத்தின் மோலிங்டன் கிராமத்தில் தொடங்கியது. சன்னலில் ஒட்டும் மஞ்சள் வில்லையோடு பல தெருக்களில் அது நின்றுவிடுகிறது. எங்கள் தெருவிலும் பழைய வில்லைகள் வெளிறிப்போய் இருந்தன. திருட்டுகளுக்குப் பிறகு, பின்புறச் சந்தோரம் உள்ள ஏழு வீட்டார் ஒரு ஞாயிறு மாலை பாட்டியின் சமையலறையில் கூடி மூன்றே ஏற்பாடுகளைச் செய்துகொண்டோம். சந்தின் முகப்பு வாயிலை ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் இருட்டும் முன் பார்த்துப் பூட்ட வேண்டும். எல்லோருடைய தொலைபேசி எண்களும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு குளிர்பெட்டிக் கதவிலும் இருக்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக, அந்த வீட்டார் அவர்களுடைய கொட்டகையையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்க வேண்டும்.

இதைக் கருவிகளோடு வைத்து ஒப்பிடுவது சரியா என்று கேட்கலாம். நான் சரி என்றே நினைக்கிறேன். அலாரம் ஒலித்தால் அதைக் கேட்டு எழுபவர் தேவை; விளக்கு எரிந்தால் அதைப் பார்க்கும் கண் தேவை. பாட்டிக்கு 84 வயது; தூக்கம் குறைவு. இரவு இரண்டு மணிக்குத் தேநீர் போடச் சமையலறைக்கு வரும்போது எங்கள் பின்சுவர் விளக்கின் ஒளியில் ஐந்து தோட்டங்கள் அவர் கண்ணுக்குத் தெரிகின்றன. ஜனவரி நடுவில் ஒரு நாள் அதிகாலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது; ஆறாம் வீட்டு வேலிப் பலகை ஒன்று காற்றில் விழுந்து சந்துக்கு வழி திறந்திருப்பதாகச் சொன்னார். அது திருடன் செய்தது அன்று. ஆனால் விடிந்ததும் அண்ணாவும் ஆறாம் வீட்டுக்காரரும் அதை நிறுத்திவிட்டார்கள். போன ஆண்டாக இருந்தால் அந்த ஓட்டை மார்ச் வரை திறந்திருக்கும்.

ஆகவே செலவு செய்யும் வரிசையை நான் இப்படி வைக்கிறேன்: முதலில் போல்ட் போட்ட நாதாங்கி, அடுத்து பக்கத்து வீட்டாரோடு பேசும் ஒரு மாலை, பிறகு மின்சாரத்தில் எரியும் விளக்கு, கொட்டகைக்குள் ஓர் அலாரம், மிச்சம் இருந்தால் கேமரா. வாடகை வீட்டில் இருப்பவர்கள் துளை போட உரிமையாளரின் ஒப்புதல் பெற வேண்டும். அது கிடைக்கும்வரை விலை உயர்ந்தவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவதே நல்லது. சைக்கிளின் சட்டகத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். அதை நான் செய்யாததால்தான் காவல்துறையிடம் சொல்ல என்னிடம் நிறம் மட்டுமே இருந்தது.

சங்கிலி கோத்துப் பூட்டுவதற்குத் தரையில் பதிக்கும் இரும்பு வளையம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் கொட்டகை வெறும் நடைபாதைக் கற்களின்மேல் நிற்பதால், குழி தோண்டிக் கான்கிரீட் ஊற்றித்தான் அதைப் பதிக்க வேண்டும். ஐந்து டிகிரிக்குக் கீழே கான்கிரீட் சரியாக இறுகாது. உறைபனி பட்டால் நொறுங்கிவிடும். மார்ச் கடைசியில் கடிகாரம் மறுபடி முன்னால் போன பிறகு அந்த வேலையைச் செய்வதாக அண்ணாவிடம் பேசி வைத்திருக்கிறேன். அதுவரை புதிய சைக்கிளையும் ஏணியையும் புல்வெட்டும் இயந்திரத்தையும் ஒரே சங்கிலியில் பிணைத்திருக்கிறேன்; மூன்றும் சேர்ந்து அந்தக் கதவு வழியாக வெளியே வராது.