யாருடி போர்த்திக்கப் போறாங்க? குவில்ட் தைத்த ஆறு வருஷம்

2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஒரே நாளில் வெளியே வந்த 78,000-க்கும் மேற்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அப்போது வயது 55. ரெண்டு மாதம் கூட ஆகவில்லை, ஊரடங்கு வந்துவிட்டது. வீட்டில் அம்மாவின் கால்மிதி தையல் மெஷின் ஒன்று இருந்தது. பீரோ நிறைய யாரும் கட்டாத காட்டன் புடவைகள் இருந்தன. எனக்கு ஜாக்கெட் தைக்க வராது, நேர்த்தையல் மட்டும்தான் வரும். குவில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வைக்கு அது போதும் என்று யூடியூபில் ஒரு அம்மா சொன்னார். நம்பி இறங்கினேன்.

அவர் சொன்னதில் பாதி சரி. மேலே துண்டுத் துணிகளை இணைத்த அடுக்கு, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டினால் குவில்ட். எல்லாம் நேர்த்தையல்தான். ஆனால் ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம், அதாவது ரெண்டு நூல், தள்ளித் தைக்க வேண்டும். அரை நூல் பிசகினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு சதுரம், பதினோரு தையல். ஒவ்வொரு தையலிலும் ரெண்டு பக்கமும் அரை அரை நூல் போனால் வரிசைக்குப் பதினோரு நூல் குறையும். ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல். அடுத்த வரிசையோடு வைத்துப் பார்த்தால் எந்த மூலையும் சேராது. என் முதல் குவில்ட் அப்படித்தான் கோணிக்கொண்டு நிற்கிறது. மெஷின் தட்டில் கால் அங்குலத்தில் ஒரு டேப் ஒட்டி, துணியை அதில் உரசவிட்டுத் தைத்த பிறகுதான் வழிக்கு வந்தேன்.

வாங்கிய சாமான்களில் காசுக்கு வஞ்சகம் செய்யாதது ரோட்டரி கட்டர், துணி மேல் உருட்டி வெட்டுகிற சக்கரக் கத்தி. கத்தரிக்கோலில் ஒரு பகல் ஆகிற வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் பிளேடைப் பார்த்தால் பயமாக இருக்க வேண்டும். எனக்குப் பயம் விட்டுப்போன அன்று இடது ஆட்காட்டி விரலில் மூன்று தையல், அதுவும் நேர்த்தையல்தான். வெட்டும்போது துணிக்கு அடியில் போடுகிற கட்டிங் மேட்டை மொட்டைமாடி ரூமில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். ஒரே கோடையில் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. படுக்கப் போட்டுத்தான் வைக்க வேண்டும், வெயில் படாமல். அம்மாவின் மெஷினுக்கு எண்ணெய் விட்டதைத் தவிர எந்தச் செலவும் இல்லை. பெரிய குவில்டைச் சுருட்டி அதன் கைக்குள் நுழைப்பது மட்டும் மல்லுக்கட்டுதான்.

அக்கா முதல் குவில்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்டி, நம்ம ஊர் வெயிலுக்கு இதை யாருடி போர்த்திக்கப் போறாங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பாலியெஸ்டர் பேட்டிங் வைத்த அந்தப் போர்வையை ஏ.சி. ரூமில்கூட பத்து நிமிஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. குளிர் ஊரில் பிறந்த முறையை அப்படியே இங்கே தைத்து வைத்திருந்தேன். வங்காளத்துக் கந்தா போர்வை பற்றிப் படித்தது அப்புறம்தான். பழைய புடவைகளையே அடுக்கி ஓட்டுத்தையல் போடுவார்கள். அந்தக் காலத்தில் நூலைக்கூட புடவைக் கரையிலிருந்தே உருவுவார்களாம். நம் "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" நினைவுக்கு வந்தது. மூன்றாவது குவில்டிலிருந்து பேட்டிங்கை நிறுத்திவிட்டேன். நடுவில் ஒரு பழைய வேட்டி, அவ்வளவுதான். எடை பாதிகூட இல்லை, துவைத்தால் ஒரே பகலில் காய்கிறது. ரூமில் ஏ.சி.யை 26-இல் வைத்துக்கொண்டு போர்த்தினால் கச்சிதமாக இருக்கிறது. இந்த ஊரில் தொடங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பழைய புடவையில் ஒரு சௌகரியம், சுருங்க வேண்டியது ஏற்கெனவே சுருங்கியிருக்கும். ஆனால் மடிப்பு விழுந்த இடம் இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரெண்டு கையாலும் இழுத்துப் பார்த்து வெட்டுங்கள். புதுத் துணி கலந்தால் வேறு தொல்லை. நாலாவதில் ஒரு புதுச் சிவப்புச் சுங்குடியைக் கல் உப்பில் ஊறவைத்துச் சேர்த்தேன். முடித்துத் துவைத்ததும் வெள்ளைச் சதுரமெல்லாம் ரோஸ். நாலு மாச வேலை. உப்பை நம்பாதீர்கள். தனியாகத் துவைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூளைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் குழுவினர் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. அறுபது வயது தாண்டியவர்களைச் சேர்த்து, வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம், சிலருக்கு குவில்ட், சிலருக்கு டிஜிட்டல் போட்டோ கற்றுக்கொடுத்தார்கள். புதிதாகக் கற்றவர்களுக்கு நினைவாற்றல் கூடியது. ஆனால் போட்டோ கற்றவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆக, ஞாபகத்துக்காக மட்டும் என்றால் கேமரா வாங்குங்கள். எனக்கு இன்னமும் மூக்குக்கண்ணாடி எங்கே என்று தெரிவதில்லை. குவில்ட் தந்தது வேறு. ஆபீஸ் போன நாட்களில் சாயங்காலத்துக்கு ஒரு அர்த்தம் இருந்தது, ஓய்வுக்குப் பிறகு அது இல்லாமல் போனது. நாலு மணி டீக்குப் பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்த பிறகு அது திரும்ப வந்தது.

உடம்பையும் சொல்ல வேண்டும். மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, கையகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துவேன். முழங்கால் இப்போது ஒத்துழைப்பதில்லை, சாப்பாட்டு மேஜையில் பகுதி பகுதியாகக் குத்துகிறேன். போன வருஷம் கண்ணுக்குப் புரை ஆபரேஷன். கட்டு பிரித்து வீட்டுக்கு வந்து குவில்டுகளைப் பார்த்தால் திக்கென்றது. வெள்ளை என்று நினைத்துச் சேர்த்த துண்டுகளில் பாதி சந்தன நிறம், கறுப்பு என்று வைத்த ஒன்று கரும் நீலம். புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி, நீலத்தை வடிகட்டிவிடுமாம். மூன்று வருஷமாக வேறு ஏதோ குவில்டைத்தான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரோஸ் கறை பட்ட குவில்டை அக்கா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்டால், சோபாவில் சும்மா போட்டிருக்கிறாளாம். பன்னிரண்டாவது இப்போது மெஷினில் இருக்கிறது. ஐந்தாம் வரிசை அரை அங்குலம் குறைகிறது. பிரிக்க வேண்டும்.