ஈகிள் ஐ பார்ப்பதா, இரும்புத்திரை பார்ப்பதா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளில், ஓணம் விடுமுறைக்கு இந்த இரண்டு படங்களில் எதைப் பார்ப்பது என்று தம்பிமார் கேட்கிறார்கள்.

பயம்: ஈகிள் ஐ படத்தில் (2008) முன்பின் தெரியாத பெண்குரல் கைபேசியில் கட்டளையிடுகிறது; சாலை விளக்குகள்கூட அதற்குக் கீழ்ப்படிகின்றன. அந்தக் குரல் யாருடையது என்பதைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். இரும்புத்திரையில் (2018) தங்கையின் திருமணத்துக்காக வாங்கிய கடன், வங்கிக் கணக்கிலிருந்தே மாயமாகிறது. எனக்கு இதுதான் அதிகம் உறைத்தது. கேரள-தமிழக எல்லையிலுள்ள கோவிந்தாபுரம் சோதனைச்சாவடிக்கு இப்புறமும் அப்புறமும் கேட்ட இடத்திலெல்லாம் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நாங்கள். படம் முடிந்ததும் அம்மா தன் கைபேசியை என்னிடம் நீட்டி, "இதில் என்னென்ன இருக்கிறது, பார்" என்றார்.

நேரம்: முன்னது இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது, பின்னது இரண்டரை மணி நேரத்தைத் தாண்டுகிறது.

நம்பகம்: முன்னதில் ஓட்டம் அதிகம், நம்புவது கடினம். பின்னதில் விஷாலின் சண்டைகளை விட, அர்ஜுன் அமைதியாகத் தகவல் திருடும் காட்சிகளே உண்மையாக இருக்கின்றன.

நண்பர்களோடு இரவுக்காட்சிபோல் பார்க்க ஈகிள் ஐ. பெற்றோரோடு என்றால் இரும்புத்திரைதான். கடவுச்சொல்லை அன்றிரவே மாற்றுவார்கள்.