வீட்டிலேயே பார்க்கும் போதைச் சோதனைக் கிட்: வாங்குமுன் கொஞ்சம் பொறுங்கள்

ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த பையன் மத்தியானம் வரை தூங்குகிறான். கண் சிவந்திருக்கிறது. ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான். அப்பா சிங்கப்பூரில், வீட்டில் அம்மாவும் அப்பத்தாவும்தான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்படிப்பட்ட வீடுகளைக் குறிவைத்தாற்போல ஆன்லைனில் விற்கிறது ‘மல்டி டிரக் யூரின் டெஸ்ட் கிட்’. விலை சில நூறு ரூபாய். ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும் என்கிறது அட்டைப்பெட்டி. ஐந்து நிமிடம் சரி. உண்மைதான் இடிக்கிறது.

பிராண்ட் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு பட்டைகள்: கஞ்சா, மார்ஃபின் வகை, ஆம்ஃபெட்டமின், கொக்கெய்ன், தூக்க மாத்திரை வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு அளவு உண்டு. கஞ்சாவுக்கு வழக்கமாக மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். அதற்குக் கீழே இருந்தால் ‘இல்லை’ என்றுதான் காட்டும். ‘இல்லை’ என்பதற்கு ‘வரம்பைத் தாண்டவில்லை’ என்று மட்டுமே பொருள்.

செய்முறை எளிது. சோதிக்கும் நேரத்தில்தான் உறையைப் பிரிக்க வேண்டும். அம்புக்குறிக் கோட்டைத் தாண்டாமல் பட்டையை 10 முதல் 15 விநாடி சிறுநீரில் நனைத்து, சமமான இடத்தில் படுக்க வைக்க வேண்டும். பட்டை பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் கேசட் வகையென்றால் டிராப்பரில் மூன்று சொட்டு. ஐந்தாவது நிமிடம் படித்துவிட வேண்டும். பத்து நிமிடம் தாண்டினால் அந்தப் பட்டையை நம்பக் கூடாது.

எல்லோரும் சறுக்குவது படிக்கும்போதுதான். பிரெக்னன்சி கிட் பார்த்துப் பழகிய கண் நமக்கு. அதில் இரண்டு கோடு விழுந்தால் ‘உண்டு’. இதில் நேர்மாறு. சி என்பது கிட் வேலை செய்கிறதா என்று காட்டும் இடம், டி என்பது சோதனை முடிவு காட்டும் இடம். இரண்டு இடத்திலும் கோடு விழுந்தால் ‘இல்லை’. டி கோடு விழாமல் போனால்தான் ‘உண்டு’. பட்டையில் சாயமேற்றிய எதிர்ப்புப் பொருள் இருக்கிறது; சிறுநீரில் போதைப்பொருள் இருந்தால் அது முந்திக்கொண்டு அந்த எதிர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும், கோடு போட மிச்சமிருக்காது. டி கோடு மங்கலாக, பூனை மயிர் மாதிரி தெரிந்தாலும் அது கோடுதான், ‘இல்லை’ என்றே கணக்கு. ‘லேசாகத்தானே விழுந்திருக்கிறது, கொஞ்சமாக எடுத்திருப்பானோ’ என்று ஆராய்வதில் பயனில்லை. சி கோடே விழவில்லையென்றால் கிட் கெட்டுப்போனது, தூக்கிப் போட வேண்டியதுதான். பெரும்பாலான உறைகளில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் டெலிவரி வண்டிக்குள் நாள் முழுக்க வெந்த பார்சலுக்கு அதை யார் சொல்வது?

இனி, செட்டிநாட்டு அடுப்படிக்கு வருவோம். கசகசா அரைத்து ஊற்றிய குருமாவை முந்தின நாள் ஒரு பிடி பிடித்திருந்தால் மார்ஃபின் பட்டை ‘உண்டு’ என்று காட்டக்கூடும். கசகசா அபினிச் செடியின் விதை. மேல்தோலில் மார்ஃபின் துளி ஒட்டியிருக்கும். இதற்காகவே அமெரிக்க அரசு வேலைச் சோதனைகளில் இந்த வரம்பை 1998ல் 300லிருந்து 2000 நானோகிராமாக உயர்த்தினார்கள். கடையில் கிடைக்கும் கிட்களில் 300ம் உண்டு, 2000ம் உண்டு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அபினி வகையைச் சேர்ந்த கொடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தாலும் இதே கதைதான். விருந்து சாப்பிட்ட பிள்ளையை அபினி தின்றவனாக்கிவிட்டால், அந்த வீட்டில் அப்புறம் பேச்சு எப்படி நடக்கும்?

இதைவிடப் பெரிய ஓட்டை, பிள்ளைகள் கையில் நிஜமாகப் புழங்கும் சரக்கை இந்தக் கிட் பார்ப்பதே இல்லை என்பது. உதட்டுக்குள் வைக்கும் கூல் லிப் பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2024ல் கேள்வி எழுப்பியது. கூல் லிப், ஹான்ஸ் இரண்டிலும் இருப்பது நிக்கோட்டின்; அதற்குக் கொட்டினின் (உடம்புக்குள் நிக்கோட்டின் மாறி உண்டாகும் பொருள்) பட்டை தனியாக வேண்டும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை மோப்பம் பிடிப்பது எந்தப் பட்டையிலும் தெரியாது; அதில்தான் இதயத் துடிப்பு தாறுமாறாகி முதல் தடவையிலேயே உயிர் போகிற ஆபத்து இருக்கிறது. எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியிட்ட தேசிய ஆய்வில் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் காணப்பட்ட ஒரே போதை இந்த மோப்ப வகைதான். வலி மாத்திரையான டேபெண்டடால் மார்ஃபின் பட்டைக்குப் பெரும்பாலும் சிக்காது. குளோனசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளும் அடிக்கடி நழுவிவிடும். ராத்திரி இரண்டு மணிவரை போனில் கேம் ஆடுவதற்குப் பட்டை எங்கே இருக்கிறது!

கஞ்சாவில் சிக்கல் வேறு மாதிரி. எப்போதோ ஒருமுறை இழுத்தவனுக்கு இரண்டு மூன்று நாள் தெரியும். தினம் இழுத்தவனுக்கு நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை தெரியலாம், ஏனென்றால் அது உடம்புக் கொழுப்பில் தங்கி மெள்ளக் கசிவது. மூன்று வாரமாகத் தொடாமல் இருக்கிற பையனின் பட்டை ‘உண்டு’ என்கிறது. வீடு அவனைப் பொய்யன் என்கிறது. மீண்டு வருகிறவனை மறுபடி பழைய கூட்டாளிகளிடம் தள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. இன்னொன்று: நிறுத்திய முதல் வாரம்தான் தூக்கம் கெடும், பசி போகும், சிடுசிடுப்பு உச்சத்தில் நிற்கும், இரண்டு வாரத்தில் தணியும். எரிந்து விழுகிறானே என்று கிட் வாங்குகிற அந்த வாரம், அவன் நிறுத்திய வாரமாகவும் இருக்கலாம். போதையே இல்லாமல் மனச்சோர்வாகவும் இருக்கலாம். மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தூங்கும்போதோ ஏமாற்றியோ மாதிரி எடுப்பது கூடவே கூடாது. பாத்ரூம் வாசலில் காவல் நிற்பதும் அப்படித்தான். பையன் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாலே சிறுநீர் நீர்த்து முடிவு மாறிவிடலாம். இந்தப் போட்டியில் பெற்றோர் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. வீட்டில் பெற்றோரே சோதிப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் ஆதரிக்கவில்லை.

கிட்டை அடியோடு குப்பை என்று சொல்லவில்லை. சிகிச்சையில் இருக்கும் பிள்ளை தானே ஒப்புக்கொண்டு, டாக்டர் சொன்ன நாளில் பார்க்கிறபோது அது உதவுகிறது. ‘இந்த வாரமும் சுத்தம்’ என்று காட்டுவது அவனுக்கே தெம்பு. அங்கேகூட சந்தேக முடிவை, பொருளைத் துல்லியமாக அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற ஆய்வகச் சோதனையில் உறுதி செய்த பிறகுதான் நம்புவார்கள். சிகிச்சைக்குள் 5க்கு 3 தரலாம். சந்தேகப்படும் அம்மாவின் கையில் 1.

அந்தக் காசுக்கு வேறு வழி இருக்கிறது. 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பிள்ளை வராவிட்டாலும் பெற்றோர் மட்டும் பேசலாம். வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உட்கார்ந்து பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். போதைக்கென்றே தனி எண் 14446. நேரில் பார்க்க, இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. திருமயம் பக்கம் இருப்பவர்களுக்குப் புதுக்கோட்டை. ‘தம்பி, உன்னை மாட்டிவிட வரலை. நீ சரியாத் தூங்கலைங்கிறதுதான் எனக்குக் கவலை, டாக்டர்கிட்ட நீ தனியா உள்ள போய்ப் பேசு, நான் வெளியில உட்கார்ந்திருக்கேன்’ என்று கூப்பிட்டால் வருகிற பிள்ளைகள் அதிகம். தனியார் ‘மறுவாழ்வு இல்லத்தில்’ பூட்டி வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைச் சேர்க்க, மனநல மருத்துவர் ஒருவராவது உட்பட இருவர் தனித்தனியே பார்த்திருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே அறையில் வைக்கக் கூடாது. வீட்டார் ஒருவரோ அவர்கள் ஏற்பாடு செய்யும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் கிடந்த மாத்திரை அட்டைகள், பழைய மருந்துச் சீட்டு, எப்போதிலிருந்து தூக்கம் கெட்டது என்ற குறிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நனைத்த பட்டையைக் கவரில் போட்டுக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. வேண்டாம், பத்து நிமிடம் தாண்டிய பட்டையில் டாக்டர் படிக்க ஒன்றும் இருக்காது.