ரோபோகாப்பியோடு மூன்று வருடம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுடையது சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, தைப்பூச பேனர், கோயில் நோட்டீஸ் என்று ஓடுகிறது. 2022-ல் லோ யாட் பிளாசாவில் இரண்டு டிஸ்க் போடுகிற நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டி எல்லாக் கணினியும் கோப்பு சேமிக்கும் பெட்டி) ஒன்று வாங்கி வந்து, கடையின் இரண்டு கணினிகளிலும் உள்ள வேலைகள் ராத்திரி 11 மணிக்குத் தானாக அதில் ஏறும்படி வைத்தேன். நகலெடுக்க விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி, நேரத்துக்கு ஓட்ட டாஸ்க் ஷெட்யூலர். தனிச் செலவு இல்லை. இன்றும் அதுதான், ஆனால் அது படுத்திய பாடு இருக்கிறதே.

முதல் கூத்து, கையால் ஓட்டினால் ஓடும், ராத்திரி ஓடாது. யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடு என்று டிக் வைத்திருந்தேன். அப்படி ஓடும் வேலைக்கு நாஸுக்கு இசட் என்று பெயர் வைத்து நாம் மேப் செய்த டிரைவ் கண்ணிலேயே படாது, நாம் உள்ளே இருந்தால்தான் அதுவும் இருக்கும். சரி என்று இசட்டை எடுத்துவிட்டு நாஸின் பெயரோடு முழு முகவரியைப் போட்டேன், அப்போதும் இல்லை. பாஸ்வேர்டைச் சேமிக்காதே என்ற பெட்டியிலும் டிக் இருந்திருக்கிறது. அது இருந்தால் வேலை சொந்தக் கணினியைத் தாண்டாது. பக்கத்திலேயே எழுதித்தான் இருக்கிறது, யார் படித்தது?

அப்புறம் ஒரு நாள் காலையில் வந்தால் முந்தின ராத்திரி வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ கணக்குக் கோப்பை மூடாமல் போயிருக்கிறார்கள். திறந்து கிடக்கும் கோப்பை ரோபோகாப்பி 30 விநாடிக்கு ஒரு முறை தட்டிப் பார்க்கும், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பத்து லட்சம் தடவை. கணக்குப் போட்டால் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு! ஆர் 2, டபிள்யூ 5, அதாவது ஐந்து விநாடி விட்டு இரண்டே தடவை மறுபடி பார் என்று சேர்த்ததோடு அது தீர்ந்தது. இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்கும் மிர் என்பதை மட்டும் நான் போடவே இல்லை, இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழித்துவிடும்.

ஆனால் பெரிய அடி விழுந்தது வேறு இடத்தில். ஷெட்யூலரில் கடைசி முடிவு 1 என்று வந்துகொண்டே இருந்தது, எனக்கு அது உறுத்தியது. ரோபோகாப்பிக்கு 1 என்றால் கோப்புகள் நகலாகின என்று அர்த்தம், 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கோளாறு. இது அப்போது எனக்குத் தெரியாது. அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் ரோபோகாப்பியை ஓட்டும் கட்டளைகள் இருக்கும் பேட்ச் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டு, "இனிமே எப்பவும் சைபர்தான் வரும் மாமா, கவலைய விடுங்க" என்றான். கவலையை விட்டேன். 2024 நவம்பரில் ஒரு சாயங்கால இடியில் முன்பக்கக் கணினி போனது. நாஸைத் திறந்தால் நாற்பது சொச்சம் கோப்புகள் அங்கே போய்ச் சேரவே இல்லை, அத்தனையும் நீளமான தமிழ்ப் பெயர்கள்.

விஷயம் இதுதான். எங்கள் நாஸில் ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று. அதிலும் 'தி' என்றால் த ஒன்று, கொக்கி ஒன்று, ஆக ஆறு. 'திருமண அழைப்பிதழ்' என்பதே 49 பைட்டைத் தின்றுவிடும். அதற்குமேல் மாப்பிள்ளை, பெண், இரண்டு வீட்டார், மண்டபம், 'இறுதித் திருத்தம் 4' என்று சேர்த்தால்? விண்டோஸ் பைட்டை எண்ணுவதில்லை, எழுத்தை எண்ணுகிறது, அதனால் இங்கே ஒரு முணுமுணுப்பும் இருக்காது. அவன் போட்ட வரியால் ஷெட்யூலரிலும் சைபர். எது நகலானது, எது விட்டுப்போனது என்று ரோபோகாப்பியை லாக் எழுதச் சொல்லியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும், அதைச் செய்யாதது என் தப்புதான்.

புதிதாக வாங்கிய கணினி விண்டோஸ் 11 புரோ, 24எச்2 என்ற பதிப்பு. அது பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளிக் கணக்கில் நாஸுக்குள் நுழையவே மறுத்தது. நாஸில் தனிப் பயனர் உண்டாக்கினேன், பத்து நிமிட வேலை.

இப்போது கோப்புக்கு ஆர்டர் எண்ணும் தேதியும்தான் பெயர். தமிழ்ப் பெயரெல்லாம் உள்ளே ஒரு குறிப்புக் கோப்பில். காலையில் தேநீரோடு லாக்கின் கடைசி பத்து வரியைப் பார்த்துவிடுகிறேன். தீராதது ஒன்று உண்டு. வெளியிலிருந்து ஒரு டிசைனர் மேக்கில் ஸிப் செய்து அனுப்புகிறார், அதில் 'தோரணம்' என்ற பெயரில் உள்ள 'தோ' ஒற்றைக் காலையும் இரட்டைக் கொம்பையும் தனித்தனியாக வைத்து வருகிறது, நம் கணினியில் தட்டினால் இரண்டும் சேர்ந்த ஒரே குறி. கண்ணுக்கு ஒரே பெயர், நாஸுக்கு இரண்டு கோப்பு. எது புதியது என்று தேதியைப் பார்த்துத்தான் அழிக்கிறேன், வாரம் ஒன்றிரண்டு.