ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப்? 4×32, சாதா 3-9×40, ஏஓ 3-9×40: ஓர் ஒப்பீடு

குறைந்த பட்ஜெட்டில் ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் தேடினால் மூன்று ரகம் கண்ணில் படும். மடங்கு மாறாத 4×32 ஒன்று. மடங்கை மாற்றலாம், தூரத்துக்கு ஏற்ப ஃபோகஸை மாற்ற முடியாது என்ற சாதா 3-9×40 இன்னொன்று. முன் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பித் தூரத்தைச் சரிசெய்யும் ஏஓ (அட்ஜஸ்டபிள் அப்ஜெக்டிவ்) 3-9×40 மூன்றாவது. முதலில் வருவது பெரிதாக்கும் மடங்கு. பெருக்கல் குறிக்குப் பின்னால் வருவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

இங்கே எடுத்துக்கொள்வது நம் நாட்டில் பரவலாக இருக்கும் ரகம்: 4.5 மி.மீ. குழல், அதாவது .177, பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் ரைஃபிள். இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்குக் குறைவான இந்த ரகத்துக்கு உரிமம் வேண்டாம். சுடுவது அட்டையை, 10 முதல் 25 மீட்டரில், பின்னால் பெல்லட்டை (ஏர் ரைஃபிளின் சிறு குண்டை) வாங்கிக்கொள்ளும் கெட்டியான தடுப்பு வைத்து. பறவைகளைக் குறிவைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு ஸ்கோப் தேடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் எதுவும் இல்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிள்ளையை 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குத் தயார் செய்கிறீர்கள் என்றால் ஸ்கோப் வாங்காதீர்கள். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட்தான். அந்தப் பணத்தை நல்ல பெல்லட்டில் போடுங்கள்.

இரண்டு பக்கமும் உதைக்கும் துப்பாக்கி

வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் ரைஃபிள் அப்படி இல்லை. டிரிக்கரை அழுத்தியதும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, ரைஃபிள் பின்னால் வருகிறது. அடுத்த கணமே பிஸ்டன் முன்கோடியில் அழுத்தப்பட்ட காற்றில் மோதி நிற்கிறது, ரைஃபிள் வெடுக்கென்று முன்னால் துள்ளுகிறது. பெரிய துப்பாக்கிகளுக்காகச் செய்த பல ஸ்கோப்கள் பின் உதையைத் தாங்கும் விதமாகத்தான் உள்ளே கட்டப்பட்டிருக்கும். முன் துள்ளலில் லென்ஸ் நகர்ந்துவிடும், குறுக்குக்கோடு அறுந்துவிடும், இல்லையென்றால் ஜீரோ (குறிபார்த்த இடத்திலேயே பெல்லட் விழும்படி செய்த அமைப்பு) ஒரு நாளும் நிற்காது. அதனால்தான் கனமான ரைஃபிளின் உதையைத் தாங்கும் விலையுயர்ந்த ஸ்கோப்கூட மெல்லிய ஸ்பிரிங் ஏர்கன்னில் பழுதாகிவிடுகிறது.

எனவே பெட்டியில் முதலில் தேட வேண்டியது "ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது" என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும் வரி. அந்த வரி இல்லாவிட்டால் மற்ற சிறப்புகளைப் படிக்கவே வேண்டாம். காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பிசிபி ரகத்தில் இந்தத் துள்ளல் இல்லை. அதில் எந்த ஸ்கோப்பும் தாங்கும். பிசிபிகாரர் ஒருவர் "எனக்கு நன்றாக உழைக்கிறது" என்று சொன்னதை நம்பி அதே ஸ்கோப்பை ஸ்பிரிங் ரைஃபிளுக்கு வாங்கக் கூடாது.

இடமாறு தோற்றப் பிழை, எண்களோடு

பள்ளியில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்து அளவு தப்பியது நினைவிருக்கும். ஸ்கோப்பிலும் அதேதான் நடக்கிறது. குறியின் பிம்பமும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் விழாவிட்டால், கண் சற்று நகரும்போது கோடு குறியின் மேல் ஊர்கிறது. ஃபோகஸ் மாற்ற முடியாத ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் இந்தப் பிழை இல்லாத ஒரே ஒரு தூரத்தைத் தொழிற்சாலையில் நிர்ணயித்து அனுப்புகிறார்கள். பெரிய துப்பாக்கி ஸ்கோப்புக்கு வழக்கமாக 100 கெஜம், .22 ரிம்ஃபயர் ரகத்துக்கு 50 கெஜம், ஏர்கன் ரகத்துக்கு 30–35 கெஜம்.

அதிகபட்சப் பிழையைக் கணக்கிடுவது எளிது. நீங்கள் சுடும் தூரத்துக்கும் நிர்ணயித்த தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முன் லென்ஸ் விட்டத்தால் பெருக்கி, நிர்ணயித்த தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 100 கெஜத்துக்கு (91 மீட்டர்) நிர்ணயித்த சாதா 3-9×40-ஐ எடுத்துக்கொண்டால் 10 மீட்டரில் 18 மி.மீ. வரை, 25 மீட்டரில் 14.5 மி.மீ. வரை குறி தப்பலாம். 35 கெஜத்துக்கு (32 மீட்டர்) நிர்ணயித்த 4×32-இல் அதே தூரங்களில் 11 மி.மீ., 3.5 மி.மீ. பெல்லட்டின் விட்டமே 4.5 மி.மீ.தான் என்பதை வைத்துப் பாருங்கள்.

இது கண் பார்வைத் துளையின் ஓரத்துக்கே போய்விட்டால் வரும் உச்ச அளவு. கன்னம் ஒவ்வொரு முறையும் ரைஃபிளின் கட்டையில் ஒரே இடத்தில் பதிந்தால் பிழை மிகவும் குறையும். ஆனால் ஸ்கோப்பை உயரமான மவுண்டில் (ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடிக்கும் தாங்கியில்) ஏற்றி, கன்னம் கட்டையில் படாமல் தாடையை மட்டும் ஊன்றிச் சுடுகிறவருக்கு இந்த எண்கள் அப்படியே அட்டையில் தெரியும்.

கடையிலேயே சோதிக்கலாம். ஸ்கோப்பை ஒரு துணிமூட்டையில் அசையாமல் வைத்து, 10 மீட்டரில் உள்ள ஏதாவது ஓர் எழுத்தின் மேல் கோட்டை நிறுத்துங்கள். ஸ்கோப்பைத் தொடாமல் தலையை மட்டும் இடவலமாக ஆட்டுங்கள். கோடு எழுத்தைத் தாண்டி ஓடினால் அது உங்கள் தூரத்துக்கான ஸ்கோப் இல்லை.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

சாதா 3-9×40-ஐ ஸ்பிரிங் ரைஃபிளுக்கு வாங்காதீர்கள். மூன்றில் ஏமாற்றம் இதில்தான் அதிகம். 10 மீட்டரில் 9 மடங்குக்குப் போனால் அட்டை மங்கலாகிவிடும். தெளிவாகப் பார்க்க 3 அல்லது 4 மடங்குக்கு இறங்க வேண்டும். 4 மடங்கில்தான் பயன்படுத்தப் போகிறோம் என்றால் மீதி மடங்குகளுக்கு எதற்குக் காசு? பிசிபி வைத்து 50 மீட்டருக்கு மேல் சுடுகிறவருக்கு மட்டும் இது பொருந்தும்.

4×32-இல் அசையும் பாகங்கள் குறைவு, உடைவதற்கும் குறைவு. எடையும் குறைவு என்பதால் உதையில் மவுண்டை இழுக்கும் விசையும் குறையும். 32-ஐ 4-ஆல் வகுத்தால் 8 மி.மீ. அகல ஒளிவட்டம் கண்ணுக்கு வரும். தலையை வைத்ததுமே படம் கிடைத்துவிடும், தேட வேண்டியதில்லை. 10–20 மீட்டரில் டின், சிறு அட்டை என்று சுடுகிறவருக்கு இதற்கு மேல் தேவைப்படாது. ஆனால் 25 மீட்டரில் பெல்லட் துளை தெளிவாகத் தெரியாது, நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். 4×20 என்று துப்பாக்கியோடு இலவசமாக வரும் ஒல்லிக் குழாயை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் குழாய் முக்கால் அங்குலம்; 4×32-க்கு ஓர் அங்குலம், 25.4 மி.மீ. அந்த இலவச ஸ்கோப்பைவிட ரைஃபிளோடு வரும் ஓபன் சைட்டே (லென்ஸ் இல்லாத குறிகாட்டியே) மேல்.

ஏஓ 3-9×40 மூன்றிலும் முழுமையானது. ஹாக் வான்டேஜ் வரிசையில் இந்த அளவு உண்டு. அதே வரிசையில் 4×32-உம் ஏஓ-வோடு வருகிறது. யூடிஜி பக் பஸ்டர் 3-9×32 குட்டையானது, 3 கெஜம் வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். பேரல் மடக்கும் ரைஃபிளில் இந்தக் குட்டை உடம்பு பெரிய வசதி: நீளமான ஸ்கோப்பின் மூக்கு பெல்லட் வைக்கும் இடத்துக்கு மேல் நீட்டிக்கொண்டு விரலைத் தடுக்கும். ஏஓ-வின் குறை எடையும், ஒவ்வொரு தூரத்துக்கும் கை நீட்டி வளையத்தைத் திருப்ப வேண்டியதும்தான். ஒரே தூரத்தில் சுடுகிறவருக்கு அது பொருட்டே இல்லை.

வளையத்தில் அச்சிட்ட எண்களை அப்படியே நம்ப வேண்டாம். டேப்பால் 10, 15, 20, 25 மீட்டர் அளந்து ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை வையுங்கள். 9 மடங்கில் வைத்து, தலையை ஆட்டினாலும் கோடு நகராத இடம் வரை வளையத்தைத் திருப்புங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்துங்கள். வளையத்தில் ஒட்டிய வெள்ளைப் பட்டையில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். படம் தெளிவாக இருப்பது போதாது, கோடு நகராமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் வரவில்லை என்றால் கண் பக்க வளையம் சரியாக வைக்கப்படவில்லை: வெறும் சுவரையோ வானத்தையோ (சூரியன் பக்கம் வேண்டாம்) இரண்டு நொடி மட்டும் பார்த்து, கோடு சட்டென்று கூர்மையாகத் தெரியும் வரை அதைத் திருப்பிப் பூட்டிவிடுங்கள்.

4-16×44 போன்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக: 25 மீட்டருக்கு 16 மடங்கு வைத்தால் கையின் நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும்.

புள்ளி வைத்த மில்-டாட் கோடு எடுத்தால் ஒரு விஷயம். விலை குறைந்த ஸ்கோப்களில் மடங்கை மாற்றினாலும் புள்ளிகளின் அளவு மாறாது, அவை காட்டும் இடைவெளி மாறும். 9 மடங்கில் 25 மீட்டரில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 25 மி.மீ. என்றால், 3 மடங்கில் அதுவே 75 மி.மீ. புள்ளியை வைத்துக் குறிபார்க்கிறவர் ஒரே மடங்கில் நிலைத்துவிட வேண்டும்.

மவுண்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

ஏர் ரைஃபிளின் மேல் இருக்கும் பள்ளம் பெரும்பாலும் 11 மி.மீ. டவ்டெயில். 20 மி.மீ. பிகாட்டினி மவுண்ட் அதில் பிடிக்காது; அளந்துவிட்டு வாங்குங்கள். ரைஃபிள் முன்னால் துள்ளும்போது ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதனால் சுடச் சுட மவுண்ட் பின்னால் வழுக்கும். ஸ்டாப் பின் என்ற தடுப்பு முளை உள்ள ஒற்றைத் துண்டு மவுண்டாக எடுத்து, ரிசீவரில் (ரைஃபிளின் நடு உடம்பில்) இருக்கும் துளையில் அந்த முளையை இறக்கி, துளையின் பின்சுவரில் அது முட்டும்படி வைத்துப் பூட்ட வேண்டும். முன்சுவரில் முட்ட வைத்தால் அது எதையும் தடுக்காது.

பூட்டும் முன் டவ்டெயிலிலும் ஸ்கோப் குழாயைப் பிடிக்கும் ரிங்கிலும் உள்ள எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 செ.மீ. அளவில் இடைவெளி விட்டு, அதிக மடங்கில் முழு வட்டமும் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கொஞ்சம் தள்ளி ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, ரைஃபிளைச் சாயாமல் வைத்து, செங்குத்துக் கோட்டை நூலோடு பொருத்துங்கள். ரிங் திருகுகளைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி, இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி, எல்-கீயின் குட்டைக் கையைப் பிடித்து இறுக்கினால் போதும். டார்க் கீ இருந்தால் 2 நியூட்டன் மீட்டருக்குள். நீளக் கையால் இறுக்கினால் குழாய் நசுங்கி உள்ளே கோடு சிக்கிக்கொள்ளும்.

பேரல் மடக்கும் ரகத்தில் பேரல் சற்றுக் கீழ்நோக்கி இருப்பது சகஜம். ஸ்கோப்பின் மேலேற்றும் திருகைக் கடைசி வரை திருப்பினாலும் பெல்லட் கீழேயே விழும். அந்த எல்லையில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து ஜீரோவும் அலையும். குளிர்பான அலுமினியக் கேனிலிருந்து வெட்டிய பட்டை சுமார் 0.1 மி.மீ. தடிமன். அதைப் பின் ரிங்கின் கீழ்ப்பாதியில், குழாய்க்கு அடியில் வையுங்கள். ரிங்குகளுக்கு நடுவே 100 மி.மீ. இருந்தால் ஒரு பட்டைக்கு 25 மீட்டரில் பெல்லட் 25 மி.மீ. மேலேறும். இரண்டு பட்டைக்கு மேல் வேண்டியிருந்தால் சாய்வு கொடுக்கும் மவுண்ட் வாங்குங்கள். பட்டையை அடுக்கினால் குழாய் வளையும்.

ஜீரோ செய்வது

கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்று எழுதியிருக்கும் ஸ்கோப் திருகின் ஒரு கிளிக், 100 கெஜத்தில் 7 மி.மீ. நகர்த்தும். 25 மீட்டரில் அது 1.8 மி.மீ., 10 மீட்டரில் வெறும் 0.7 மி.மீ. 10 மீட்டரில் பெல்லட் 22 மி.மீ. கீழே விழுந்தால் 30 கிளிக் வேண்டும். மூன்று கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் 10 மீட்டர். ரைஃபிளை மேஜையின் மேல் நேரடியாக ஊன்றாதீர்கள். உள்ளங்கையைத் தாங்கியின் மேல் வைத்து, அதன் மேல் ரைஃபிளைத் தளர்வாகக் கிடத்துங்கள். இறுக்கிப் பிடித்தால் துள்ளல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அட்டையில் துளைகள் சிதறும். ஐந்து பெல்லட் சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள். ஒரே துளையைப் பார்த்துத் திருப்பக் கூடாது. கடைசித் தூரம் 25 மீட்டர் என்றால், 10 மீட்டரில் பெல்லட்டை மையத்துக்கு 1 செ.மீ. கீழே விழவிடுங்கள். ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் 45 மி.மீ. உயரத்தில் இருப்பதால், நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் போகும் சாதாரண பெல்லட் அப்படி வைத்தால்தான் 25 மீட்டரில் மையத்துக்கு வரும். பிறகு அங்கே போய் இன்னும் ஐந்து ஐந்தாகச் சுட்டு முடியுங்கள்.

குரூப் (அட்டையில் துளைகளின் கொத்து) திடீரென்று கலைந்தால்

ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் கட்டைத் திருகுகளைப் பாருங்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் அதிகம் தளர்வது அவைதான். அடுத்து மவுண்டுக்குப் பின்னால் டவ்டெயிலில் பென்சிலால் ஒரு கோடு போட்டு இருபது முறை சுடுங்கள். கோடு மறைந்தால் மவுண்ட் வழுக்குகிறது. அடுத்து பெல்லட் டப்பாவை மாற்றிப் பாருங்கள். இதற்கும் சரியாகவில்லை என்றால் பெட்டிச் சோதனை: ஒரே புள்ளியைக் குறிபார்த்தபடி 20 கிளிக் மேலே, 20 வலமாக, 20 கீழே, 20 இடமாகத் திருப்பி ஒவ்வொரு மூலையிலும் மூன்று பெல்லட். கடைசி மூன்றும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரவில்லை என்றால் உள்ளே கோளாறு. அப்போது ஸ்கோப்பைக் கழற்றி, ஓபன் சைட்டில் பத்து பெல்லட் சுடுங்கள். அதில் குரூப் இறுகினால் ஸ்கோப்பை வாரன்டிக்கு அனுப்பலாம். அதிலும் சிதறினால் ரைஃபிளின் ஸ்பிரிங்கையும் பிஸ்டன் சீலையும் பார்க்க வேண்டும்.