நடந்ததைப் பார்ப்பவரா, நடக்கப்போவதைப் பார்ப்பவரா?

போலீஸ் விசாரணையோடு அமானுஷ்ய சக்தி கலக்கும் திரில்லர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், நடக்கப்போகும் கொலை முன்கூட்டியே தெரியும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இன்றிரவு ஒரு லாரி வேண்டுமென்றே காரை மோதப்போகிறது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் ஓட்டம்தான். பரபரப்புக்குப் பஞ்சமில்லை, ஆனால் துப்பறிய அதிகம் மிஞ்சாது.

என் ஓட்டு இன்னொரு வகைக்கே: நடந்து முடிந்த கொலை அமானுஷ்யமாகக் கண்ணில் தெரியும் வகை. ஒகேனக்கல்லில் கரை ஒதுங்கிய செருப்பைத் தொட்டதும், பரிசலிலிருந்து ஆளைத் தள்ளிய கை ஒரு பெண்ணின் கண்ணில் தெரிகிறது. மணிக்கட்டில் பச்சைக் கயிறு. சரி, தருமபுரி கோர்ட்டில் அது செல்லுமா? கண்டதை நேரில் கண்டவரே சொல்ல வேண்டும் என்பது 1872 சாட்சியச் சட்டத்தின் விதி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அதேதான். ஆகவே இன்ஸ்பெக்டர் அவளை முழுசாக நம்பினாலும் பரிசல்காரர்களை விசாரித்து, செல்போன் டவர் பதிவுகளை வாங்கி, ஒவ்வொன்றாக நிரூபித்தாக வேண்டும். உண்மை தெரிந்தும் கை கட்டப்பட்ட அந்தத் தவிப்புதான் எனக்குப் பிடித்த சஸ்பென்ஸ்.

எழுதுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அவளுக்குக் கை மட்டும் தெரியட்டும். முகமும் தெரிந்துவிட்டால் பத்தாம் பக்கத்திலேயே கதை படுத்துவிடும்.