குழல் வானம் பார்த்த கதை: மூன்று ஆண்டுகளாக ஓர் ஏர் ரைஃபிளுடன்

ராயபுரத்தில் எங்கள் வீடு அகலம் குறைந்து நீளம் மிகுந்த பழைய வீடு. வாசலிலிருந்து கொல்லைச் சுவர் வரை அளந்தால் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஏர் ரைஃபிள் வாங்கும் ஆசை அந்த ரேழியைப் பார்த்துத்தான் வந்தது. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை, 4.5 மி.மீ. துளை. குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது என்பதால் உரிமம் தேவைப்படவில்லை. கொல்லைச் சுவரோரம் இரும்புத் தகடு வைத்த மரப்பெட்டியில் பழந்துணி அடைத்து, அதன்மேல் இலக்கு அட்டை ஒட்டியிருக்கிறேன். சுடும்போது கொல்லைக் கதவு பூட்டியிருக்கும்.

இரண்டு ஆண்டுகள் குறை சொல்ல ஒன்றுமில்லை. காசிமேட்டுக் கடற்காற்று வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்க வைத்தது, அவ்வளவுதான்.

போன பொங்கலுக்குப் பிறகு குண்டுகள் மேலே ஏறத் தொடங்கின. கறுப்பு வட்டத்தின் நடுவைக் குறிவைத்தால் வெகு மேலே துளை. குறிபார்க்கும் பின்பக்கக் காடியான பின்சைட்டை இறக்கினேன், திருகு அடிமட்டத்தில் முட்டி நின்ற பிறகும் ஆறு சென்டிமீட்டர் மிச்சம். அதே வாரம் புதிய பெல்லட் (ஈயக் குண்டு) டப்பா பிரித்திருந்ததால் பழி அதன்மேல் விழுந்தது. கடைக்காரரிடம் போய்ச் சண்டையே போட்டுவிட்டேன். பழைய பெல்லட்டைப் போட்டாலும் மேலேதான் போனது. பிறகு ஜன்னல் திண்டில் குழலைச் சாய்த்துச் சுடுவதால் இருக்குமோ என்று பார்த்தேன். ஸ்பிரிங் துப்பாக்கி கெட்டியான பரப்பில் சாய்ந்தால் துள்ளும், குண்டும் மேலே போகும். கையில் ஏந்திச் சுட்டபோது கொஞ்சம் இறங்கியது, முழுதாக இல்லை.

வியாசர்பாடியில் லேத் வைத்திருக்கும் தம்பி ஒருவர் எஃகு அளவுகோலைக் குழலின்மேல் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "அண்ணே, சைட்டைத் திருகிப் பயனில்லை. குழலே வானம் பார்க்கிறது."

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொங்கலன்று அக்கா மகன், குழல் மடங்கியிருந்தபோதே விசையை அழுத்திவிட்டான். குழல் படீரென்று மேலே அடித்து மூடியது. விரல் தப்பியதா, துப்பாக்கியின் மரக்கட்டை விரிசல் விட்டதா என்று மட்டும் பார்த்தேன். குழல் மேல்நோக்கி வளைவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வளைத்து நிமிர்த்தலாம் என்றார். எனக்குத் துணிவு வரவில்லை. மேலே போனால் பின்சைட்டை இறக்கு, முடியாவிட்டால் குழல் நுனியில் இருக்கும் முன்சைட்டை உயர்த்து: கணக்கு இவ்வளவுதான். இரண்டு சைட்டுக்கும் இடையே 450 மி.மீ., தூரம் 10,000 மி.மீ., பிழை 60 மி.மீ. ஆக, முன்சைட் 2.7 மி.மீ. உயர வேண்டும். அவர் முன்சைட்டை 4 மி.மீ. உயர்த்தும் ஒரு தகடு செய்து கொடுத்தார். அராவிக் குறைக்கலாம், கூட்ட முடியாதே. முதல் குண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே விழுந்தது. ஒரு ஞாயிறு முழுவதும் இரண்டு இழுப்பு அரம், மூன்று குண்டு என்று போய், மாலையில் வட்டத்தின் நடுவுக்கு வந்தது.

எட்டு மாதமாக அங்கேயே நிற்கிறது. பின்சைட் திருகு மட்டும் உப்புக்காற்றில் இறுகிவிட்டது. இப்போதைக்கு அது தேவையும் இல்லை. பெல்லட் கடைக்காரர்தான் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.